கால் விரலில் போட்ட முடிச்சு

மயிலாத்தாளுக்கு முதல் பிள்ளை ஆண். பிறந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. அப்பனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கட்டிலில் படுத்திருந்த பிள்ளை, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது.

யார் அமுக்கியது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அது சொல்லப் போவதில்லை. அப்பன் சென்னியப்பன் துடியலூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவன். அன்றைக்குக் குடித்துவிட்டுத்தான் படுத்தான். மயிலாத்தாள் நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிறவள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அவன் கைதான் விழுந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அவள் மார்தான் அமுக்கியிருக்கும் என்று அவன் நினைத்தான். டாக்டர் பார்த்துவிட்டு மூச்சு நின்றுபோயிருக்கிறது, சில பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஆவதுண்டு என்றார். காரணம் இல்லாத சாவை யார் நம்புவார்கள். புதைத்துவிட்டு வந்த பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வாயைத் திறக்காமலே ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

அடுத்துப் பெண் பிறந்தது. பிரவீனா என்று பேர் வைத்தார்கள். பெற்றவளுக்குப் பால் சுரந்ததோ இல்லையோ, பயம் சுரந்தது. பிள்ளையை எங்கே படுக்கப் போடுவது?

அவர்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதைத் தாங்குகிற குழாயில் தொட்டில் கட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். முன்னால் குடியிருந்தவர்கள் கட்டி, தகடு விரிசல் விட்டு மழையெல்லாம் உள்ளே வந்ததாம். தரையில் போடலாமென்றால் எலி. பூனைக்கே பயப்படாத எலிகள், பக்கத்து வீட்டுக்காரியின் குதிகாலையே கொறித்தவை. மிச்சம் இருந்தது அந்தக் கட்டில்தான்.

மயிலாத்தாள் புருசனைக் கட்டிலைவிட்டு இறக்கினாள். அவன் வாசலில் பாய் போட்டுக்கொண்டான். மழை வந்தால் உள்ளே வந்து சுவரோரம் சுருண்டான். அப்படியும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரியெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தாள். இருட்டோடு எழுந்து ஆக்கி வைத்துவிட்டு மில்லுக்கு ஓடவேண்டும். அவள் வரும்வரை பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஆமினா பீவி பார்த்துக்கொள்வாள். மத்தியானம் ஷிப்ட் முடிந்து மயிலாத்தாள் வந்ததும், பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு ஆமினா பீவி கடலைக் கூடையோடு மில் கேட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்தப் பகல் தூக்கம் ஒன்றுதான் அவளுக்குத் தூக்கம். அதுவும் பிள்ளை பக்கத்தில். ராத்திரி முழுக்க முழித்த உடம்பு, படுத்தால் கல். மில் சத்தத்தில் பாதி செத்துப்போன காது வேறு. பிள்ளை அழுதால் சில நாள் வளவே கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

“இத்தனை பயப்படாத கண்ணு. பெத்தவ மேல ஒட்டிப் படுக்காத புள்ள எங்க வளந்துது?” என்றாள் ஆமினா பீவி.

“ஒட்டிப் படுத்துத்தானுங்க அக்கா ஒண்ணு போச்சு” என்றாள் மயிலாத்தாள்.

மில்லில் நின்றுகொண்டே யோசித்துத்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் கண் எங்கே பார்த்தாலும், கோனில் நூல் அறுந்தால் கை தானாகப் போகும். பிடிக்கும், முடிச்சுப் போடும், விடும். சொப்பனத்தில்கூட விரல்கள் முடிச்சுப் போடுவதைச் சென்னியப்பனே பார்த்துச் சிரித்திருக்கிறான். காது கேட்காவிட்டால் என்ன, நூல் இழுத்தால் முழிக்காமலா போவேன் என்று நினைத்தாள். கழிவில் கிடந்த நூலைக் கொஞ்சம் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஒரு முனையைப் பிள்ளையின் கணுக்காலில் கட்டினாள், மறுமுனையைத் தன் மணிக்கட்டில். கணுக்காலில் நிற்கவில்லை, உதைத்து உருவிவிட்டது. அதனால் கால் கட்டைவிரலில் போட்டாள்.

அது வேலை செய்யத்தான் செய்தது. பிள்ளை உதைக்கும், நூல் கையை வெடுக்கென்று இழுக்கும், முழித்துப் பார்ப்பாள், மூச்சு ஓடும், மறுபடி படுப்பாள். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. எழுந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, விரலில் இருக்கும் வளையத்தையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுவாள்.

ஆனால் அவள் கைக்குத் தெரிந்தது மில் முடிச்சு ஒன்றுதான். அது இழுக்க இழுக்க இறுகுமே தவிர இளகாது. இளகினால் அது முடிச்சு இல்லை, சூப்பர்வைசர் வைவார். பிள்ளையின் விரலுக்கும் அதையேதான் போட்டாள்.

ஒருநாள் எழுந்து நூலை அறுத்தவள், வளையம் கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். விழவில்லை. கொழுத்த விரல், வெள்ளை நூல், சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போனது. சாயங்காலம் பிள்ளை கத்தியது. விரல் வீங்கியிருந்தது. எறும்பு கடித்திருக்கும் என்று மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்பினாள். தெரிந்திருக்கக்கூடிய கொஞ்சத்தையும் மஞ்சள் மூடிக்கொண்டது. ராத்திரியெல்லாம் மடியில் போட்டு ஆட்டினாள். புருசன் விழுந்து நசுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் பாவம்.

மறுநாள் ஆமினா பீவி மஞ்சளைக் கழுவிப் பார்த்தபோது விரல் நாவல் பழம் மாதிரி கறுத்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

லேடி டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஊசி முனையால் நூலைத் தேடி எடுத்தார். யார் கட்டினது என்று கேட்டார். மயிலாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள், மூத்தவன் செத்ததிலிருந்து. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ரத்தம் ஓடாமல் விரல் செத்துவிட்டது, எடுத்தால்தான் கால் பிழைக்கும் என்று மட்டும் சொன்னார். எடுத்தார்கள்.

சென்னியப்பன் பவுண்டரி உடுப்போடு வந்து நின்றான். கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அங்கே வார்டில் எல்லார் முன்னாலும் கக்கினான்.

“ஒண்ணைக் கொன்னுபோட்டே. இன்னொண்ணை நொண்டியாக்கிப் போட்டே.”

மயிலாத்தாள் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கொன்னது உங்க கையோ என்ற மாரோ, எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. இந்த விரல் போனது மட்டும் என்ற கையாலதான். நானே முடிச்சுப் போட்டேன், நானே மஞ்சளப் போட்டு மூடுனேன். இதை ஒத்துக்கறதுக்கு எனக்கு வாய் இருக்குது. அதைப் பத்திப் பேசறதுக்கு உங்களுக்கு இருக்குதுங்களா?”

அவன் வெளியே போனான்.

ஒரு வாரம் கழித்து, இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்த தொட்டில் கம்பி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். தரையில் நிற்கும், கூரையைத் தொடாது, எலியும் ஏறாது. பவுண்டரியில் மிச்சக் குழாயில் அரை நாளில் செய்தது. அதை அவன் மூத்தவன் பிறந்தபோதே செய்திருக்கலாம். இரும்பிலேயே வேகிற மனுசனுக்கு அந்தப் புத்தி வர ஒரு பிள்ளையும் ஒரு விரலும் ஆகவேண்டியிருந்தது.

பிரவீனா அந்தத் தொட்டிலில் தூங்கவில்லை. அம்மாவின் சூட்டிலேயே கிடந்து பழகின பிள்ளை, போட்ட உடனே வீறிட்டது. மயிலாத்தாள் தொட்டிலை ஒட்டி உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டே விழித்திருந்தாள். பக்கத்தில் படுக்கவே இல்லை. மில்லில் சாப்பாட்டு மணியடித்தால் சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கோன் மூட்டையில் சாய்ந்து தூங்கினாள். அவளைத் தட்டி எழுப்புவது உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேலையாகவே ஆனது. பிள்ளை வளர்ந்து தரையில் தனிப் பாயில் படுக்கும்வரை இதுதான். அதற்குள் முப்பதைத் தாண்டாதவளுக்கு ஐம்பது வயசுக்காரியின் முகம்.

பிரவீனா கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருசம், செருப்பு ஒரு காலில் நிற்காமல் கழன்றுகொண்டே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, எனக்கு மட்டும் ஏன் ஒரு விரல் இல்லை என்று கேட்டாள்.

சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மயிலாத்தாளுக்குச் சோற்றுக் கரண்டி கையிலேயே நின்றது.

“எலி கடிச்சுப் போடுச்சு கண்ணு” என்றாள்.

பிள்ளை அப்பனைப் பார்த்தது.

“ஆமாஞ்சாமி, எலிதான்” என்றான் அவன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மயிலாத்தாள் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.