ஈரப் பெயிண்ட்

முப்பது வருஷம் சுற்றுலாப் பேருந்து ஓட்டிய வில்ஃப் ஹெப்டனைக் கேட்டால், இங்கிலாந்தில் பார்க்கத் தகுந்த இடம் ஒன்றுகூடக் கிடையாது. லண்டன் கோபுரம் அவருக்கு அண்டங்காக்கா வளர்க்கும் ஜெயில். இடிந்த மடாலயங்கள் கூரை போட வக்கில்லாதவன் கட்டியவை. மனைவி எனிட் இதில் எதையுமே பார்த்ததில்லை. யார்க்ஷயரில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறி உட்கார்ந்து, காற்றைத் திட்டுவதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவள் காலமானபின் அங்கே அவள் நினைவாக ஒரு பெஞ்சு போட்டார். பித்தளைத் தகட்டில் எல்லோரையும்போல ‘அன்பு மனைவி’ என்று பொறித்துவிட்டுப் போயிருக்கலாம். குசும்பு விடுமா? ‘எனிட். முப்பத்தொரு வருஷம் இங்கே உட்கார்ந்து காற்றைத் திட்டினாள்’ என்று பொறித்தார். யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். அவ்வளவுதான், மடாலயம், பாலாடைக்கட்டிக் கடை, அப்புறம் எனிட் என்று பேருந்துகள் வர ஆரம்பித்தன.

வில்ஃபுக்கு உட்கார இடமில்லை. எழுந்திருங்கள் என்று சொல்ல அந்த ஊர்க்காரனுக்கு வாய் வராது. பின்னால் நின்று இருமுவார். யாராவது இருமல் மிட்டாய் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு, “சாரி” என்று இறங்கிவிடுவார்.

எனிட்டின் பிறந்தநாளன்று மட்டும் விடுவதாயில்லை. மூன்று மணிக்கு அவளோடு டீ குடித்தே தீரவேண்டும். காலையிலேயே போய்ப் பெஞ்சில் ‘ஈரப் பெயிண்ட்’ என்று அட்டை மாட்டினார்.

மூன்று மணிக்கு பிளாஸ்கோடு ஏறினால், முப்பது பேர் பெஞ்சைச் சுற்றி நிற்கிறார்கள். அட்டைக்குக் கட்டுப்பட்டு ஒருவரும் உட்காரவில்லை. படமெடுக்க வரிசை கட்டியதால் ஒருவரும் போகவுமில்லை.

“கிட்டப் போகாதீங்க சார், பெயிண்ட் காயல” என்றாள் வழிகாட்டிப் பெண்.

“சாரி கண்ணு. எப்பக் கெளம்புவீங்க?”

“நாலரை ஆகும் சார்.”

தன் பொய்க்குத் தானே காவல் நின்றார் வில்ஃப். பிளாஸ்க் ஆறிக்கொண்டிருந்தது. ஆறின டீயை எனிட் நாய்க்குக்கூட ஊற்றமாட்டாள். விறுவிறுவென்று வரிசையை மீறிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயையோ சார், உங்க பேண்ட்!”

“போகட்டும் கண்ணு. இந்தப் பேண்ட்டக் கண்டாலே எனிட்டுக்கு ஆகாது.”

இரண்டு கோப்பையில் டீ ஊற்றினார். விர்ரென்று அடித்த காற்றில் எனிட்டின் கோப்பை கவிழ்ந்தது.

முப்பது பேர் முன்னால், எனிட் திட்டிய அத்தனை வார்த்தையிலும், ஒன்று விடாமல், வில்ஃப் காற்றைத் திட்டினார்.