மாப்பிள்ளைக்குப் பின்வரிசை

திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போகுமுன் எனக்கு ஒரு வேலை உண்டு. பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து அமெரிக்க ஃபுட்பாலைக் கைபேசியில் பார்ப்பேன். அங்கே அவர்களுக்கு ஞாயிறு இரவு. மின்சாரம் போனால் இணையமும் படுத்துவிடும். ஆட்டக்காரர் பந்தோடு அந்தரத்தில் நிற்பார். பக்கத்தில் என் மனைவியின் தம்பி மோஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸை உறிஞ்சியபடி கிண்டல் செய்வான்.

“காலால உதைக்காத ஆட்டத்துக்கு ஃபுட்பால்னு யாரு மச்சான் பேரு வச்சா?”

பேர் கிடக்கட்டும், என்னை இழுத்தது வேறு. அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவர்தான் எல்லாவற்றையும் யோசித்து நடத்துபவர். மற்றவர்கள் அவர் சொல்கிற இடத்துக்கு ஓட வேண்டும். கருப்பர்கள் ஓடலாம், மோதலாம், எறிய மட்டும் கூடாது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். கல்லூரியில் பிரமாதமாக எறிந்தவரைக்கூட, உனக்கு நல்ல கால் என்று பாராட்டி வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். இப்போது கருப்பர்களும் நிறையவே எறிகிறார்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும் தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தால் இன்னும் வெள்ளை முகம்தான் அதிகம்.

அந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பழக்கம். எங்கள் பேட்டையின் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துக் குழுவில் இருபது வருஷம் நான் பின்வரிசையில்தான் நின்றேன். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உயிரை விட்டேன். “கலா பின்னால நிக்கட்டும், பலமான ஆளு” என்று பர்மிய மொழியில் சொல்லி முடித்துவிடுவார்கள். கலா என்பது இங்கே இந்திய வழி வந்த நம்மவர்களை இளக்காரமாகக் குறிக்கும் சொல். முதுகில் தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார்கள், அதனால் சண்டையும் போட முடியவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஆட்களை நிறுத்தும் பொறுப்பு என் கைக்கு வந்தது. முதல் வேலையாக என்னையே நடுவில் நிறுத்திக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதும் தொந்தியும் இருந்தால் என்ன, நியாயம் நியாயம்தானே. இனி நிறத்தைப் பார்த்து யாருக்கும் இடம் கிடையாது என்று டீக்கடையில் ஒரு பிரசங்கமும் செய்தேன்.

போன தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தலைத் தீபாவளி. மாப்பிள்ளை மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் லிஃப்ட் மெக்கானிக். நல்ல கருப்பு, வாட்டசாட்டமான உடம்பு. வீட்டில் முதல் இலை அவருக்கு, முதல் டீ அவருக்கு, மெத்தை போட்ட ஒரே நாற்காலியும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று புதிதாக இன்னொருவரும் வந்திருந்தார். ஒல்லியான, சிவந்த, கண்ணாடி போட்ட வங்கி எழுத்தர்.

நான் யோசிக்கவே இல்லை. “சார் நடுவுல என் பக்கத்துல வாங்க. மாப்ள, நீங்க பின்னால நின்னுக்குங்க. நல்ல பலமான ஆளு.”

பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனைவியின் தம்பி நிமிர்ந்தான். “மச்சான், அமெரிக்காவுல கோச் வேலை காலியா இருக்காம். எழுதிப் போடவா?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு உறைக்கப் பாதி ஆட்டம் ஆயிற்று. எழுத்தருக்குப் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை பின்னால் நின்றபடியே யார் காலுக்கு வேண்டுமோ அந்தக் காலுக்குப் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில், “உங்க தெருவுல எங்க ஆடுவீங்க மாப்ள?” என்று கேட்டேன்.

“பின்னாலதான் மாமா. நடுவுல ஆட ஆச. கேட்டேன், குடுக்கல. மாமா டீமு நம்மாளு டீமாச்சேன்னு…” பாதியில் நிறுத்திச் சிரித்தார். “பரவால்ல மாமா, பழக்கந்தான்.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அவர் ஆசைப்பட்ட ஒரே இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“நீங்க என் எடத்துக்குப் போங்க. நான் பின்னால நிக்கிறேன்.”

“நெசமாவா மாமா?”

“நெசந்தான், போங்க.”

நாலடி போனவர் திரும்பி வந்தார். “நெசமாத்தானே மாமா?”

தலையை ஆட்டிவிட்டு, என் பழைய இடத்தில் போய் நின்றேன்.