ஓர்ப்படி எதிரில் மீன் அரிய வேண்டும்

போன ஆடி மாதம் ஒரு காலையில் மீன் கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்துவிட்டேன். பக்கவாதம். உயிர் பிழைத்தேன். வலது கை மட்டும் மடியில் செத்துக் கிடந்தது.

உப்பளம் என்கிற எங்கள் பகுதியில் ஒரு தெருமுனையில் இருபது வருடமாக மீன் விற்றவள் நான். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் வாரமே என் கொழுந்தன் பெண்டாட்டி செல்வி அந்த இடத்தில் தன் கூடையை வைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. என்னை விசாரித்தவர்களிடம், "அக்காவுக்கு இனிமே கத்தி புடிக்க வராது. ஆயுசுக்கும் படுக்கதான்" என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்காரர் கைத்தாங்கலாக எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "ஆத்தா, அவ கையும் இப்படியே வெளங்காம போவணும்" என்று இடது கையால் மண்ணை வாரித் தூற்றினேன். ஒன்பது செவ்வாய்க்கிழமை இதே வேண்டுதல்தான்.

ஒன்பதாவது செவ்வாய்க்கு மறுநாள், அரசு ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபி என்று ஓர் அறைக்கு அனுப்பினார்கள். விழுந்தவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் இடமாம். அங்கிருந்த மேடம் முதலில் கேட்டது இதுதான்: "இந்தக் கை நல்லா ஆனா என்னம்மா செய்வீங்க?"

"என் ஓர்ப்படி எதுருல உக்காந்து மீன் அரிவேன். அவ வயிறு எரியணும்."

அவர் சிரிக்கவில்லை. "சரி. நாளைக்கு வரும்போது நாலு சங்கரா எடுத்துட்டு வாங்க" என்றார்.

பலகையில் இரண்டு ஆணி அடித்து, மீனை அதில் குத்தி நிறுத்தித் தந்தார். கத்தி இடது கையில். வலது கை மீனை அழுத்திப் பிடிக்கப் பழக வேண்டும். ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, தலை வாருவது, சோறு பிசைவது எல்லாம் குழந்தை மாதிரி முதலிலிருந்து. சலிக்கும்போதெல்லாம் செல்வி சொன்னதை நினைப்பேன். இன்னும் பத்து தடவை செய்வேன்.

தை மாதம் தெருமுனைக்குப் போனேன். செல்வி நகரவில்லை. எதிர்ப்பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் அரிந்தேன். பழைய வாடிக்கைக்காரர்கள் காத்திருந்து வாங்கிப் போனார்கள். ஐந்தாம் நாள் அவள் கூடையை இழுத்துக்கொண்டு, "ஒன் எடத்துல நீயே உக்காருக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது வாரமும் என் கையைக் கொடு என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆத்தா அதைத்தான் கொடுத்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை. மண் தூற்றுவதை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது செவ்வாய்தோறும் அவளுக்கு விளக்கு ஏற்றுகிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி விழுந்தவர் இருந்தால், எந்த மனதோடு இருந்தாலும் ஆத்தாவிடம் வாருங்கள். ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு நானே அழைத்துப் போகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் முடியாது.