தொண்ணூற்றொன்று எதில்?

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவரைச் சீலக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் வினாத்தாள் உறைகளுக்கு அரக்கு உருக்கி சீல் வைத்தவர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தேர்வுகள் எல்லாம் கணினிக்கு மாறுகின்றன, இனி உறையும் கிடையாது அரக்கும் கிடையாது என்று அறிவிப்பு வந்த அன்று, நாங்கள் நாலைந்து பேர் துக்கம் விசாரிப்பதுபோல் அவர் மேஜையைச் சுற்றி நின்றோம். “விட்டுது தொல்லை. என் விரல் பிழைச்சுது” என்றார் அவர்.

மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களாக, மாணவர்கள் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வந்துகொண்டிருந்தன. வகுப்பில் ஒரு வரி கோவையாகச் சொல்லத் திணறும் பிள்ளைகள்கூட பிசிறில்லாமல் எழுதியிருந்தார்கள். ஏஐயிடம் கேட்டு வாங்கியது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்; காட்டிப் பேச ஆதாரம் இல்லை. சிலர் கோபத்தில் எல்லோருக்கும் குறைத்துப் போட்டார்கள். சிலர் வம்பு எதற்கு என்று எல்லோருக்கும் அள்ளிப் போட்டார்கள். ராத்தூக்கம் கெட்டு நிஜமாகவே எழுதியவன் பாடுதான் திண்டாட்டமாகிப் போனது.

ஆகவே எல்லாத் துறைகளுக்கும் ஒரே ஏற்பாடு என்று முடிவானது. தேர்வு கணினி அறையில். திரையில் வினாத்தாளைத் தவிர வேறெதுவும் திறக்காது. மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கட்டுரை என்றால் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். எழுதியது, அழித்தது, திருத்தியது எல்லாம் பதிவாகும். இவற்றையெல்லாம் பார்த்து ஒரு மென்பொருள் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று சந்தேக மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டினால் ரிசல்ட் நிறுத்திவைக்கப்படும். நிறுத்தப்பட்டவர்களின் வீடியோவைப் பார்த்து உறுதி செய்ய, பழைய விடைத்தாள் கட்டுகள் கிடந்த அறையைக் காலி செய்து நான்கு கணினிகள் போட்டார்கள். ஒன்றில் சீலக்கா, பக்கத்தில் நான், எதிரே இன்னும் இருவர்.

முதல் பருவத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மாட்டினார்கள்.

“பாத்துட்டு டிக் பண்ணுங்க, போதும். தேதி நெருங்குது” என்றார் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி. நல்ல மனிதர். எப்போதும் ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கிற மாதிரி ஓட்டம்.

நாங்கள் டிக் பண்ணினோம். சீலக்கா மட்டும் மூன்றாம் நாள் காலையிலிருந்து ஒரே வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தார். மாலை வகுப்பில் படிக்கும் ஒரு பெண்; பகலில் மருந்துக்கடையில் வேலை, வயது முப்பதுக்கு மேல். சந்தேக மதிப்பெண் தொண்ணூற்றொன்று. காரணம், ‘தொடர்ந்து பேச்சு’. தேர்வு நடந்த இரண்டு மணி நேரமும் அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“என்னக்கா, படமா பாக்கறீங்க?” என்றேன்.

“படத்துல யார் யார்கிட்ட பேசறாங்கன்னு தெரியும், தம்பி. இந்தப் பொண்ணு யார்கிட்ட பேசுது? பக்கத்து நாற்காலி காலி.”

மறுநாள் அவளை வரச் சொன்னார். கடைச் சீருடையோடு, வெளிறிய முகத்தோடு வந்தாள். “வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா மேடம்?” என்பதுதான் முதல் கேள்வி. சீலக்கா அவளை உட்கார வைத்தார். ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி, அவளுடைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொடுத்து, “இதுக்குப் பதில் எழுதும்மா” என்றார். அவள் எழுத ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே உதடு அசையத் தொடங்கிவிட்டது. சத்தமே இல்லை. பத்து நிமிடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எழுதும்போது உனக்குள்ளயே பேசறியே, தெரியுமா?”

“சொல்லிப் பாத்தாத்தான் மேடம் எனக்கு ஓடும். சின்ன வயசுலேர்ந்து. தப்பா?”

சீலக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். அதிகாரி தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா சிஸ்டம் தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லுதே.”

“எதுல சார் தொண்ணூத்தொண்ணு?”

“நூத்துக்கு.”

“நூத்துக்குன்னு தெரியுது சார். எதை அளந்து தொண்ணூத்தொண்ணு?”

அதிகாரிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. நாலு நாளாக டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்கத் தோன்றவில்லை. அதிகாரி மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். எதிர்முனையில் ஓர் இளைஞன் பொறுமையாக விளக்கினான்: “மத்த மாணவர்கள் நடந்துக்கற விதத்துலேர்ந்து இவங்க எவ்வளவு விலகியிருக்காங்கன்றதோட அளவு சார்.”

“அப்போ காப்பி அடிச்சதோட அளவு இல்லையா?”

“அப்படி நாங்க எங்கயும் சொல்லலையே சார்.”

போனை வைத்தபின் அதிகாரி கோப்பை இழுத்துப் பிரித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கான நிறுத்தல் உத்தரவில் இருந்தது அவர் கையெழுத்து. ஓட்டக்காரர் அன்று உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு மாறியது. மென்பொருளின் மதிப்பெண் மாணவரைக் கூப்பிட்டு விசாரிக்க மட்டும். ஊழியர் ஒருவர் வீடியோவைப் பார்த்து, மாணவரோடு பேசி, காரணம் எழுதாமல் யாருடைய ரிசல்ட்டையும் நிறுத்தக் கூடாது. துறைத் தலைவர்கள் குதித்தார்கள். நானூறு பேரோடு யார் பேசுவது? பேசினோம். ரிசல்ட் மூன்று வாரம் தள்ளிப்போனது. மாணவர்கள் வாசலில் கூடி எங்களைத் திட்டினார்கள். முடிவில் முந்நூற்று எண்பத்தொரு பேருக்கு ரிசல்ட் விடுவிக்கப்பட்டது. மருந்துக்கடைப் பெண் சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள்.

அதற்குப் பிறகு சீலக்காவுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. அவரிடம் போனால் நியாயம் கிடைக்கும் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேர்தான் அவரைச் சறுக்க வைத்தது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த பருவத்தில் இறுதியாண்டு மாணவன் ஒருவன் வந்தான். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். அவனுடைய இருபது பக்கக் கட்டுரையின் தட்டச்சுப் பதிவில் ஓர் எழுத்துகூட அழித்துத் திருத்தப்படவில்லை. ஒரே மூச்சில் ஓடியிருந்தது. “நோட்டுல எழுதி வெச்சிருந்தேன்க்கா. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். அங்க வராந்தாவுல உக்காந்து எழுதினதைப் பாத்து டைப் பண்ணேன்” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். சீலக்காவின் கண்ணும் கலங்கியது. பாடம் நடத்திய புள்ளியியல் பேராசிரியை, “ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கறேன், அப்புறம் விட்டுடலாம்” என்றார். “வேணாம் மேடம். பையன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கான்” என்று சீலக்கா விடுவித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த பருவம் அதே மாணவன், வேறு கட்டுரை, அதே அழிக்காத தட்டச்சு. இந்த முறை பேராசிரியை கேட்டுவிட்டார்: “உன் அட்டவணையில இந்த ரெண்டு வருஷத்தை ஏன் விட்டுட்டே?” அவனுக்கு அப்படி விட்டிருப்பதே தெரியாது. இரண்டு கட்டுரைகளும் ஏஐ எழுதித் தந்தவை என்று ஒப்புக்கொண்டான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை. நோட்டுதான் பொய்.

பேராசிரியை எங்கள் அறைக்கு வந்து இதைச் சொன்னார். “குத்திக்காட்ட வரலை. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்” என்று ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

 மூன்றாம் நாள் சீலக்காவே அந்தப் பேச்சை ஆரம்பித்தார். வீட்டில் கணவரிடம் புலம்பியிருக்கிறார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். “தெரிஞ்சவர் பில்டிங்னா எடை ஏத்திப் பாக்காம விட்டுட்டு வருவேனா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாராம்.

“அந்தப் பொண்ணை உக்காத்தி வெச்சு எழுதச் சொல்லிப் பாத்தேன், தம்பி. இவனை ஒண்ணுமே கேக்கலை. அழுதான், விட்டுட்டேன்” என்றார். அன்று மதியம் அதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார்: போன பருவம் அந்த மாணவனை விடுவித்தது என் தவறு, விசாரிக்காமல் செய்தேன். “இதெல்லாம் எதுக்கும்மா, உங்க ஃபைல்ல ஏறிடும்” என்று அதிகாரி திருப்பித் தரப் பார்த்தார். “ஏறட்டும் சார். அவன் ஃபைல்ல ஏறுதில்ல?” என்றார். ஏறியது. மாணவனுக்கு இரண்டு தாள்களும் ரத்தாகி, திரும்ப எழுத வேண்டிவந்தது.

அன்றிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பிடித்த முகமோ பிடிக்காத முகமோ, வந்தவர் எழுதியதிலிருந்தே இரண்டு கேள்வி. எதிரில் உட்கார்ந்து ஒரு பத்தி எழுத வேண்டும். அழுதால் தண்ணீர் கொடுப்பார். பிறகு கேட்பார்.

மற்றத் துறை ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அதிகாரி கேட்டுக்கொண்டபோது, சீலக்கா முதலில் மறுத்துவிட்டார். மேடை என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பேச மாட்டேன், செய்து காட்டுகிறேன் என்றார். எண்பது பேர் அமர்ந்திருந்த கூடத்தில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பத்து மனக்கணக்குகள் கொண்ட தேர்வை எழுதினார். பக்கத்து நாற்காலியில் நான். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார், விட்டத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். பெரிய திரையில் மதிப்பெண் வந்தது: எண்பத்து மூன்று. கூடம் சிரித்தது.

சட்டத் துறைத் தலைவர் எழுந்து கேட்டார்: “அப்போ நீங்க காப்பி அடிச்சீங்களா?”

“ஆமா சார். மூணாவது கணக்கு இந்தத் தம்பி மேஜைக்குக் கீழ சீட்டுல காட்டினான். மெஷின் அந்த நேரத்துலதான் ஒழுங்கா இருந்தேன்னு போட்டிருக்கு, பாருங்க.”

 திரையில் அந்த நிமிடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் கேள்விகள் ஒரு மணி நேரம் வந்தன. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

இன்றும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆசிரியர்கள் வேலைப்பளு என்று முணுமுணுக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஏமாற்றுகிறவர்களும் சும்மா இல்லை. இந்தப் பருவம் எங்கள் அறைக்கு வந்தது நூற்று நாற்பது பேர். நேற்று ஒரு மாணவியோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்த சீலக்காவிடம், “எப்படிக்கா, எழுதினது அவதானா?” என்றேன்.

“தெரியலை. நாளைக்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கேன்” என்றார்.