பொருந்திவிட்ட அடாப்டர்

போன ஞாயிற்றுக்கிழமை டேனியலின் ஹார்டு டிஸ்க்கை எரித்துவிட்டேன். நெருப்பு வைத்து அல்ல... ஒரு அடாப்டரால்.

டேனியல் ஆரம்பாக்கத்துக்காரன். கும்மிடிப்பூண்டியில் நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அதே கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். இருந்தான் என்றுதான் எழுத வேண்டும். ஆறு மாதம் முன்பு அவனது வலது கையின் மூன்று விரல்களை பிரஸ் நசுக்கிவிட்டது. அவன் கவனக்குறைவு என்கிறது கம்பெனி. வரும் திங்கட்கிழமை லேபர் ஆபீஸில் நஷ்டஈட்டு விசாரணை.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி மக்கர் செய்து, வேலை நின்றுகொண்டே இருந்தது. "ஷார்ட் பண்ணி ஓட்டு, அப்பால பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்; அதாவது, ஒயர்களை முறுக்கிச் சேர்த்து சென்சார் வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டு. அவர் அப்படிச் சொன்னதை டேனியல் செல்போனில் வீடியோ எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். போன் தண்ணீரில் விழுந்து செத்தது. கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. மிச்சம் அதன் டிஸ்க் மட்டும்.

டிஸ்க்கை உள்ளே வைத்து லேப்டாப்பில் இணைக்க ஒரு பெட்டி கிடைக்குமே... அதைப் புதுவாயல் கடையில் வாங்கி வந்தான். இடது கையால் ஸ்க்ரூ முடுக்க வராமல் என்னிடம் நீட்டினான்.

யுஎஸ்பி கேபிளைச் சொருகினேன். டிஸ்க் சுற்றவில்லை. பெரிய டிஸ்க்குக்கு அந்தக் கரண்ட் போதாது, தனி அடாப்டர் வேண்டும்.

"அடாப்டர் எங்கடா?"

"ஊட்லயே வச்சிட்டேன் நைனா. போய் எடுத்துக்கினு வரட்டா?"

அதுவரை யார் காத்திருப்பது? என் பழைய லேப்டாப்பின் அடாப்டரை எடுத்தேன். முனை அளவாகப் பொருந்தியது. பொருந்தினால் ஓட்டு — எங்கள் கம்பெனியில் இருபது வருஷமாக அதுதானே பழக்கம்? டிஸ்க் ஒருமுறை முனகியது. அப்புறம் கருகல் வாசனை.

பெட்டியில் பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்தது. அடாப்டரில் பத்தொன்பது. இரண்டையும் எரிந்த பிறகுதான் படித்தேன். எலக்ட்ரீஷியனாம், எலக்ட்ரீஷியன்!

மறுநாள் வேறு பெட்டி, சரியான அடாப்டர். டிஸ்க் அசையவில்லை. கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

டேனியல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வீடியோ போனா போவுது நைனா. சென்சார் ஒயர முறுக்குனது நீதானே? யாரு சொல்லி முறுக்குனன்னு நீ வந்து சொல்லிடு, போதும்."

ஆமாம், முறுக்கியது நான்தான். அதன் மேல் கறுப்பு டேப்பை அழகாகச் சுற்றியதும் நான்தான். அன்றைக்கு அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"பாத்துக்கலாம்டா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, மேனேஜரும் இதையேதான் சொன்னார்.

உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், பாருங்கள். திங்கட்கிழமை விசாரணைக்குப் போக கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய லீவு லெட்டரைத்தான் இன்னும் எழுதவில்லை.