பிலோமினா அக்காவின் இடக்கைக் கிற்றார்

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சீனன்குடாவில் பஸ்ஸுக்கு நின்றேன். அவருடைய கணவர் அந்தோனி அண்ணைதான் அழைத்தார். "அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா, பிள்ளை." வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

எங்கள் கோயில் பங்கு மக்களே, உங்களில் பலர் அவரிடம் சட்டை தைத்துப் போட்டவர்கள். பிந்தித் தந்தார் என்று சண்டை பிடித்தவர்களும் இருக்கிறீர்கள். இடக்கையால் துணி வெட்டும் தையல்காரி எங்கள் பங்கில் அவர் ஒருவர்தான். சின்ன வயதில் அந்தக் கைக்கு நிறைய அடி வாங்கியிருக்கிறார். அடிக்குப் பயந்து சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். கத்தரிக்கோல் மட்டும் மாறவில்லை. ஐம்பது வயதில் பாடகர் குழுவுக்கு வந்து கிற்றார் பழகத் தொடங்கினார். அதையும் இடக்கைதான் கேட்டது.

பங்கில் இருந்தது ஒரே ஒரு கிற்றார். அக்கா கம்பிகளைக் கழற்றித் தன் கைக்கு ஏற்ப மாற்றிக் கட்டுவார். ஞாயிறு காலையில் வேறொருவர் எடுத்தால் எல்லாம் தலைகீழாக இருக்கும். குழுவில் புறுபுறுப்பு எழுந்தது. வலக்கையால் பழகினால் என்ன என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"சோத்துக்கு வலக்கையைக் குடுத்திட்டன். பாட்டுக்கும் குடுக்க ஏலாது," என்றார் அக்கா. அடுத்த கிழமையே தனக்கென்று ஒரு கிற்றார் செய்யத் தொடங்கினார்.

கலியாணத்துக்கு வந்த அலுமாரியின் கதவு அதன் முதுகுப் பலகையானது. பங்குக் கிற்றாரைப் பிரவுண் பேப்பரில் வைத்து, சட்டைக்கு வெட்டுவதுபோல் உருவம் வெட்டினார். பக்கப் பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, குசினி அடுப்பில் சூடாக்கிய இரும்புக் குழாயில் அழுத்தி மெல்ல மெல்ல வளைத்தார். முறிந்தவை அடுப்புக்குப் போயின. துறைமுகப் பக்கத்து ஈரக்காற்றில் பசை இலேசில் காயாது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றி வைத்தார். கழுத்தின் நுனியில் கம்பி தாங்கும் துண்டுக்குக் கிண்ணியா இறைச்சிக்கடை நானாவிடம் மாட்டெலும்பு வாங்கி அவித்த நாளில், அந்தோனி அண்ணை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அலுமாரியும் போச்சு, குசினியும் போச்சு, இனிக் கட்டிலையாவது காப்பாற்ற வேண்டும் என்று புலம்பினார். அக்கா கட்டிலைத் தட்டிச் சத்தம் பார்த்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கம்பி கட்டும் நாளில் என்னைக் கூப்பிட்டார். தடித்த கம்பியை வைத்தார். அது பள்ளத்தில் இருக்கவில்லை. எலும்பில் அவர் கீறிய பள்ளங்கள் எல்லாம் வலக்கைக்காரரின் ஒழுங்கில் இருந்தன. கதிரையில் இருந்து அந்தப் பள்ளங்களை விரலால் தடவினார்.

"அடிச்சுப் பழக்கினது வேற ஆக்கள், பிள்ளை. ஆனா இதைக் கீறினது என்ர கை."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மிச்ச எலும்பை எடுத்து அரத்தால் புதிதாக ராவத் தொடங்கினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்தக் கிற்றார் கொஞ்சம் மூக்கால்தான் பாடும். மாரி மழையில் சுருதி நிற்காது. பூசையில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நான் வாசிக்கும் பங்குக் கிற்றாரின் கழுத்தும் அவருடையதன் கழுத்தும் பாட்டுக்கு நடுவில் முட்டிக்கொள்ளும். ஃபாதர் கையை மாற்றச் சொல்லவில்லை, எங்களை இடம் மாறி நிற்கச் சொன்னார். அதற்குப் பிறகு அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அடக்கப் பூசையில் அதை வாசிக்க வேண்டும் என்று அந்தோனி அண்ணை விரும்பினார். குழுவில் இப்போது எல்லோரும் வலக்கைக்காரர். கம்பியை மாற்றிக் கட்டினால் சரி என்று ஒருவர் கையிலும் எடுத்துவிட்டார். அண்ணை என்னைப் பார்த்தார்.

"கம்பியில கை வைக்காதேங்கோ. நான் அப்பிடியே வாசிக்கிறன்," என்றேன்.

விரலை அதிகம் மாற்றத் தேவையில்லாத எளிய பாட்டு. அதையும் தடக்கித் தடக்கித்தான் வாசித்தேன். நீங்கள் எல்லோரும் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பாடினீர்கள்.

கிற்றாரை அண்ணை எனக்கே தந்துவிட்டார். வேலையால் வந்ததும் அதை அக்காவின் பக்கமாகவே பிடித்துப் பழகுகிறேன். கம்பியை அழுத்தி இத்தனை காலமும் காய்த்துப்போயிருந்தவை என் இடக்கை விரல்கள். இப்போது வலக்கை விரல் நுனிகளும் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். தொட்டால் இன்னும் நோகிறது.