ஆய்லி இன்ஜினை நிறுத்திய காலை

ஆய்லி ரவுத்தியோ முப்பத்தோரு வருஷமாக முக்குளிப்பவர்களைப் படகில் ஏற்றிப்போகிறவள். ஒருநாள்கூட அவள் கடலுக்குள் தலையை முக்கியதில்லை. "அந்தக் குளிருல எறங்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்பாள். ஆனாலும் சொயின்டுலா என்ற தீவூரில் பாதிப்பேர், படகில் ஆய்லி இருந்தால்தான் ரப்பர் உடுப்பையே மாட்டுவார்கள்.

மெர்வும் அவன் மனைவி குவென்னும் அந்த ரகம். அவர்கள் முக்குளிக்கிற இடம் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு குறுகல். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் தண்ணீர் அதற்குள் காட்டாறாகப் பாயும். நடுவே அரைமணி நேரம் அசையாமல் நிற்கும். அதற்குள் இறங்கி, பாறைச் சுவரில் அப்பியிருக்கும் சிவப்புப் பவளங்களைப் பார்த்துவிட்டு ஏறிவிட வேண்டும்.

அந்த அக்டோபர் காலையில் பனி மூடியிருந்தது. இருவரும் இறங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அடிப்பாறையில் வேர்பிடித்து நுனி மட்டும் மிதந்துகொண்டிருந்த கடற்பாசித் தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்வதை ஆய்லி பார்த்தாள். கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையில் போட்டிருந்ததைவிடக் கால்மணி முன்னாலேயே நீர் திரும்பிவிட்டது. இரும்புக் குழாயை எடுத்துப் படகின் ஏணியில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். மேலே வா என்பதற்கு அதுதான் சைகை.

மெர்வ் மட்டும் வந்தான்.

"குவென்ன அடிச்சிட்டுப் போயிருச்சு! சுவத்தப் புடிச்சிட்டுத்தான் இருந்தா, அப்படியே பிச்சிக்கிட்டுப் போயிருச்சு!"

ஆய்லி அவனை உள்ளே இழுத்துப் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களை அள்ளித் தண்ணீரில் வீசினாள். பிறகு இன்ஜினை நிறுத்தினாள்.

"என்ன பண்றே நீ? பொம்பள செத்துக்கிட்டிருக்கா, பழத்த மெதக்க விட்டு வேடிக்கையா பாக்குறே? இன்ஜினப் போடு!"

"வாய மூடு, மெர்வ். அவ போன தண்ணியிலதான் நாமளும் போறோம். இன்ஜின் சத்தத்துல அவ கழுத்து விசில் கேக்காது. காதத் தீட்டிக்கிட்டுக் கேளு."

படகு பழங்களோடு சேர்ந்து மிதந்தது. மெர்வ் வாய்க்கு வந்தபடி ஏசினான். கொஞ்ச தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே தண்ணீர் பிளந்தது. நான்கு பழங்கள் பெருங்கடலைப் பார்த்து ஓடின. சுவரை ஒட்டி வந்த இரண்டு மட்டும் பாறைக்குப் பின்னால் சுழன்று மறைந்தன.

ஆய்லி சுக்கானைப் பிடித்தாள். தப்பான பக்கம் போனால் திரும்பி வர நேரம் இருக்காது. ஆனால் குவென் அனுபவசாலி. என்ன ஆனாலும் சுவர்ப்பக்கமாகத்தான் நீந்துவாள். ஆய்லி ஒரே ஒரு தடவை இன்ஜினை உறுமவிட்டு, படகைப் பாறைக்குப் பின்னால் திருப்பி, மறுபடி நிறுத்தினாள்.

பனிக்குள்ளிருந்து விசில் சத்தம் மெலிசாக வந்தது.

குவென் கடற்பாசித் தண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாயில் சூடான காப்பி இறங்கியதும் அவள் கேட்டாள்: "ஏன் இவ்வளவு நேரம்?"

படகுத்துறையில் மெர்வ் தலை குனிந்து நின்றான். "ஆய்லி, உன்ன என்னென்னமோ திட்டிட்டேன்."

"திட்டினியா? எனக்கெங்க கேட்டுச்சு? நான் விசிலுக்கில்ல காதக் குடுத்திட்டிருந்தேன்."

வீட்டுக்குப் போய் நீராவிக் குளியலறையில் விறகு மூட்டினாள் ஆய்லி. தீக்குச்சியைப் பற்றவைக்க ஐந்து தடவை ஆயிற்று.